மான்செஸ்டரில் ஒரு வெண்ணாறு

மான்செஸ்டர் நகரத்தில் எந்தக் கட்டடத்தில் கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, எது சாவி கேட்டு வாங்க வேண்டியது, எது சாயங்காலமே பூட்டப்பட்டுவிடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. பேருந்தில் ஏறினால் கதவோரம். திரையரங்கில் ஓரத்து இருக்கை. தமிழ்க் குடும்பங்கள் கூடும் வளைகாப்பு, கொலு என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே சாப்பாடு கிடையாது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கிலாந்து வந்தவர் அவர். அந்த நாட்டுத் தேர்வுகளை எழுதித் தேறி, மருந்தாளராக வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு அவருடைய ஒவ்வொரு நாளையும் அவருடைய பெருங்குடல்தான் தீர்மானித்தது.

காலையில் வயிற்றை முறுக்கும். ஓட வேண்டும். போய்வந்தால் வலி சற்றே தணியும். அரை மணி நேரத்தில் மறுபடியும் முறுக்கும். மத்தியானத்துக்குள் வயிறு உப்பி, காலையில் கட்டிய பாவாடை இறுக்கத் தொடங்கும். ஊரிலிருந்து அம்மா போனில் சொன்ன சுண்டைக்காய் வற்றல், ஓமத் தண்ணீர், மாதுளம்பழத் தோல் கஷாயம் எல்லாம் ஆயிற்று. “யாரோ கண்ணு வச்சிருக்காங்கடி” என்று ஒருமுறை அம்மா சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு அவரிடம் வேறு காரணம் எதுவும் இல்லை.

வேலை செய்யும் மருந்துக் கடையில் அவர் பிறருக்கு எடுத்துக் கொடுத்த மாத்திரைகளே வீட்டிலும் இருந்தன. குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்த மெபெவெரின், போக்கை நிறுத்த லோபெரமைடு, புதினா எண்ணெய் அடைத்த காப்ஸ்யூல். கொஞ்ச நாள் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது; எதுவும் போதவில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு நான்கையும் சில மாதம் விலக்கிப் பார்த்தார். வயிறு ஓரளவு அடங்கியது. ஆனால் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் இல்லாத சாம்பாரை வீட்டில் யாரும் சாம்பார் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் தனிச் சமையல் செய்து களைத்துப்போனார்.

பரிசோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன. ரத்தம், மலம், கோதுமைப் புரத ஒவ்வாமைக்கான சோதனை, கடைசியில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தது வரை. ஒரு மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே, எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். நல்ல செய்திதான். ஆனால் காரில் வந்து உட்கார்ந்ததும் அவருக்கு அழுகை வந்தது. வலி இருக்கிறது, வலிக்குக் காரணம் இல்லை. அப்படியென்றால் பொய் சொல்வது யார், அவரா, அவர் வயிறா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். குடலில் புண் இல்லை, வீக்கம் இல்லை, கட்டி இல்லை. ஆனாலும் வலி, போக்கு, மலச்சிக்கல், உப்புசம். இந்த வகை நோய்களுக்கு இலக்கணம் வகுக்கும் ரோம் அறக்கட்டளை, 2016இல் வெளியிட்ட நான்காம் பதிப்பில் இவற்றைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டக் கோளாறுகள் என்று வரையறுத்தது. 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டவர்களிடம் அந்த அமைப்பு எடுத்த கணக்கெடுப்பு 2021இல் வெளியானது. அதில் இந்தியாவும் உண்டு. இணையம் வழியாகக் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இந்த வகைக் கோளாறுகளில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. அவற்றுள் பலரும் கேள்விப்பட்டது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். அவருக்கு வந்ததும் அதுதான்.

சிகிச்சைக்கான வழி அவருக்குத் தொழில் மூலமாகவே கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2008இல் இரிட்டபிள் பவலுக்கான நெறிமுறையை வெளியிட்டது. பன்னிரண்டு மாதம் மருந்து கொடுத்தும் தேறாதவர்களை உளவியல் சிகிச்சைகளுக்கு அனுப்பலாம் என்று அதில் ஒரு பரிந்துரை இருந்தது. அந்தச் சிகிச்சைகளில் ஹிப்னோதெரபியும் ஒன்று. மருந்தாளர்களுக்கும் பயன்படும் ஆவணம் அது. வேலைக்காகப் படிக்கத் தொடங்கியவர் அந்தப் பத்தியில் நின்றுவிட்டார். ஹிப்னாடிசமா? அவருக்குத் தெரிந்த ஹிப்னாடிசம், பழைய படங்களில் கண்ணுக்கு முன்னால் ஆடும் சங்கிலிக் கடிகாரம்தான்.

ஆனால் ஆதாரத்தைப் பார்க்காமல் எதையும் தள்ளக் கூடாது என்பது அவருக்குப் படிப்பு கொடுத்த பழக்கம். தேடியபோது அந்தப் பரிந்துரையின் வேர் அவர் குடியிருந்த ஊரிலேயே இருந்தது. பீட்டர் வோர்வெல் என்ற குடல்நோய் மருத்துவர், தெற்கு மான்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடத்திய ஓர் ஆய்வு 1984 டிசம்பரில் ‘லான்செட்’ இதழில் வந்திருந்தது. எந்தச் சிகிச்சைக்கும் மசியாத கடுமையான நோயாளிகள் 30 பேரை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஹிப்னோதெரபி. இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் மனநல ஆலோசனையும், மருந்தில்லாத போலி மாத்திரையும். மூன்று மாதத்தில் அரை அரை மணி நேரமாக ஏழு அமர்வுகள்.

ஆலோசனைக் குழுவினருக்கு வலியும் உப்புசமும் கொஞ்சம் குறைந்தன. மலம் கழிக்கும் முறை மாறவில்லை. ஹிப்னோதெரபிக் குழுவில் வலி, உப்புசம், மலப்போக்கு, உடல்நிலை குறித்த நிறைவு எல்லாமே பெரிய அளவில் மாறின. அடுத்த மூன்று மாதம் கவனித்ததில் அந்தப் பதினைந்து பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. மதிய உணவு வேளையில் அவர் இதைப் படித்தார். 30 பேர் என்பது சிறிய எண் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கட்டுரையில் விவரித்திருந்த நோயாளிகள் அவரைப் போலவே இருந்தார்கள். எல்லா மாத்திரையும் தின்று தீர்த்தவர்கள்.

மான்செஸ்டருக்கும் ஹிப்னாடிசத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. 1841இல் அந்த நகரத்து மேடையில் ஒரு பிரெஞ்சுக்காரர் காட்டிய வித்தையை ஜேம்ஸ் பிரெய்ட் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் பார்க்கப் போனார். ஏமாற்று வேலையை அம்பலப்படுத்தும் எண்ணம் அவருக்கு. ஆனால் மேடையில் இருந்தவருடைய இமைகள் உண்மையிலேயே திறக்க முடியாமல் மூடியிருந்ததைக் கண்டு யோசிக்கத் தொடங்கினார். கண்ணுக்குத் தெரியாத காந்த சக்தி எதுவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பாய்வதில்லை. பார்வையையும் கவனத்தையும் ஒன்றில் நிலைநிறுத்துவதால் பார்ப்பவரின் நரம்பு மண்டலத்திலேயே நிகழும் மாற்றம் இது என்று 1843இல் நூலாக எழுதினார். அதே காலத்தில் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற கம்பெனி மருத்துவர், மயக்க மருந்து வருவதற்கு முன்னால், இதைப் போன்ற ஒரு முறையைக் கொண்டு நோயாளிகளுக்குப் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். மேடை வித்தைக்காரர்கள் பின்னால் வந்து இதன் பெயரைக் கெடுத்தார்கள். அந்தக் கெட்ட பெயர் நூற்றைம்பது வருடம் கழித்தும் நீடாமங்கலம் வரை எட்டியிருந்தது.

“வசியம் பண்றவன்கிட்டயா போகப் போற? நீ என்ன படிச்ச பொண்ணு!” என்றார் அம்மா, இந்தச் சிகிச்சைக்குப் போகப் போவதாகப் போனில் சொன்னதும்.

“ஆஸ்பத்திரியிலதாம்மா செய்யறாங்க. பெரிய டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு.”

“மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. தனியா போகாத.”

கணவர் கூடவே போனார். முதல் தடவை வெளியே நாற்காலியில் காத்திருந்தார். அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

அந்த முதல் அமர்வில் கண்ணை மூடச் சொல்லவே இல்லை. சிகிச்சையாளர் நடுத்தர வயதுப் பெண். ஒரு தாளில் பெருங்குடலை வரைந்தார். குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்பணுக்கள் இருப்பதைச் சொன்னார். வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை. அதாவது மூளை குடலுக்குச் சொல்வதைவிட, குடல் மூளைக்குச் சொல்வது அதிகம். 1973இல் ரிச்சி என்பவர் வெளியிட்ட சோதனையைப் பற்றியும் பேசினார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சிறு பலூனை வைத்து 60 மில்லி காற்று ஊதினால், ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான் வலித்தது. இந்த நோய் உள்ளவர்களில் 55 பேருக்கு வலித்தது. அதே பலூன், அதே காற்று. செய்தி ஒன்றுதான், ரேடியோவில் யாரோ சத்தத்தைக் கூட்டி வைத்ததுபோல அது மூளையை அடையும்போது பெரிதாகிவிடுகிறது.

மருந்தாளருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் ஒரு மருத்துவமனை அறையில், தன் முகத்தைப் பார்த்து, உங்கள் வலி உண்மையானது, அது வரும் பாதை இது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சிகிச்சை அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது என்று அவர் பின்னால் சொல்வார். இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மயக்க நிலையைப் பற்றியே பேசுகிறார்கள். தாளில் வரைந்து விளக்கிய அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வலியை நம்பாத இடத்தில் எந்தச் சொல்லும் மருந்தாகாது.

உணர்ச்சி வயிற்றைத் தொடுகிறது என்பதற்கு நேரில் கண்ட சாட்சி ஒன்று உண்டு. 1822இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்த ஓட்டை வழியாகப் பல வருடம் செரிமானத்தைக் கவனித்து 1833இல் புத்தகமாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் கோபமாக இருந்தபோது செரிமானம் மாறியதை அவர் கண்ணாலேயே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். வோர்வெல் குழுவினர் 1992இல் இதையே வேறு விதமாகச் செய்தார்கள். 18 நோயாளிகளை ஹிப்னாடிச நிலைக்குக் கொண்டுபோய், கோபம், பரபரப்பு, மகிழ்ச்சி ஆகிய உணர்ச்சிகளை எழுப்பி, அந்த நேரத்தில் பெருங்குடலின் அசைவை அளந்தார்கள். ஹிப்னாடிச நிலை அசைவைக் குறைத்தது. கோபமும் பரபரப்பும் கூட்டின. மகிழ்ச்சி இன்னும் குறைத்தது. சொல்லால் எழுப்பிய உணர்ச்சி குடல் தசை வரை போய்ச் சேர்ந்ததை எண்ணாகப் பதிவுசெய்த ஆய்வு அது.

இரண்டாவது வாரம் கண்ணை மூடச் சொன்னார்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இமை கனக்கும்போது மூடலாம். நெற்றி, தாடை, தோள், கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னார் சிகிச்சையாளர். மெதுவாக எண்ணினார். மாடிப்படி இறங்குவதாக நினைக்கச் சொன்னார். வெளியே ஆம்புலன்ஸ் போவது அவருக்குக் கேட்டது. யாரோ நடைபாதையில் தள்ளுவண்டி உருட்டினார்கள். தூக்கம் இல்லை, நினைவு தப்பவில்லை; வேண்டுமென்றால் எழுந்து போயிருக்கலாம். ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை. ஆழ்ந்து ஒரு நாவலைப் படிக்கும்போது அடுக்களையில் குக்கர் விசில் அடிப்பது கேட்டும் கேட்காமல் இருக்குமே, அந்த நிலை.

பிறகு உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்து, கையின் சூடு உள்ளே இறங்குவதாக உணரச் சொன்னார். இது மான்செஸ்டர் முறையின் மையமான பயிற்சி. சூடு பரவப் பரவக் குடல் அமைதியாகிறது, வலி விலகுகிறது, அது உங்கள் கட்டுப்பாட்டுக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்து வந்தது ஆறு. வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் வேகமாகப் பாயும் ஆறு நிதானமாவதாகவும், மலச்சிக்கல் உள்ளவர்கள் தேங்கிய ஆறு நகரத் தொடங்குவதாகவும் மனத்தில் பார்க்க வேண்டும். சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் விவரித்த ஆறு அழகாகத்தான் இருந்தது. கூழாங்கல், பாசி படிந்த பாறை, கரையில் பைன் மரங்கள். நாட்காட்டிப் படம்போல அது அவருக்கு முன்னால் நின்றது. வயிறு அதைக் கண்டுகொள்ளவில்லை.

சில வாரங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு அமர்வையும் பதிவுசெய்து கொடுத்த ஒலிநாடாவை வீட்டில் தினமும் கேட்டுப் பயிற்சி செய்ய வேண்டும். செய்தார். உடம்பு தளர்ந்தது, தூக்கம் நன்றாக வந்தது. காலை முறுக்கல் அப்படியேதான் இருந்தது. சிகிச்சையாளரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: “உங்களுக்குத் தெரிந்த ஆறு எது?”

அவருக்குத் தெரிந்தது வெண்ணாறு. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து, தஞ்சாவூரைத் தொட்டுக்கொண்டு நீடாமங்கலம் பக்கம் வந்து, மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் ஆறு. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று ஊரே கணக்குப் போடும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாகச் செம்மண் நிறத்தில் வரும். அவருடைய அப்பா அந்தத் தண்ணீருக்குப் பூப்போடப் போகும்போது சின்னப் பெண்ணாக அவரும் போயிருக்கிறார். தலைப்பில் பொதுப்பணித் துறை லஸ்கர் இரும்புச் சக்கரத்தைச் சுழற்றி ஷட்டரை இறக்குவார். இந்தப் பக்கம் முட்டி மோதும் தண்ணீர் அந்தப் பக்கம் அளவாக வழியும். வெள்ளக் காலத்தில் எந்த ஷட்டரை எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் கீழே இருக்கும் வயல்களின் பிழைப்பு.

ஷட்டர் என்ன, லஸ்கர் யார் என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். சிகிச்சையாளர் குறிப்பெடுத்துக்கொண்டார். அடுத்த அமர்வில், “இப்போது நீங்கள்தான் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறீர்கள்” என்றார்.

கண்ணை மூடிய இருட்டில் சக்கரத்தின் இரும்பு கையில் பட்டது. கிரீஸ் வாடை வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரின் இரைச்சல் ஒரு படி குறைந்தது. சிகிச்சையாளர் பேசிக்கொண்டிருந்தது ஆங்கிலம். உள்ளே நடந்தது முழுக்கத் தமிழ். அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் கதவோரம் இடம் இல்லை. நடுவில் உட்கார்ந்து போனார். இறங்கிய பிறகுதான் அது நினைவுக்கே வந்தது.

அதற்குப் பிறகும் மோசமான வாரங்கள் வந்தன. கடையில் தணிக்கை நடந்த வாரத்தில் பழைய முறுக்கல் முழு வேகத்தோடு திரும்பியது. ஆனால் இப்போது அவரிடம் செய்வதற்கு ஒன்று இருந்தது. கழிப்பறைக்குள் உட்கார்ந்து கையை வயிற்றில் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றுவார். சில சமயம் கேட்கும், சில சமயம் கேட்காது. மான்செஸ்டர் முறையில் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகள். எல்லாம் முடிந்தபோது வலி போய்விடவில்லை. குறைந்திருந்தது, அடிக்கடி வரவில்லை, வந்தாலும் பயமுறுத்தவில்லை. இந்த நோயின் கடுமையை 500க்குள் மதிப்பெண் போட்டு அளக்கும் முறை ஒன்று உண்டு. 300க்கு மேல் என்றால் கடுமை. 300ஐத் தாண்டித் தொடங்கியவர் 200க்குக் கீழே வந்திருந்தார். உப்புசம் மட்டும் இன்றைக்கும் விடவில்லை.

மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பதற்கு அவர் விரும்பிச் சொல்லும் ஆய்வு பியர் ரான்வில் குழுவினர் மான்ட்ரியலில் செய்து 1997இல் வெளியிட்டது. தன்னார்வலர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, ஹிப்னாடிச நிலையில், வலியின் வேதனை கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்லி, மூளையைப் படம்பிடித்தார்கள். தண்ணீரின் சூடு மாறவில்லை. தொடு உணர்வை வாங்கும் பகுதியின் செயல்பாடும் பெரிதாக மாறவில்லை. வலியின் வேதனையோடு தொடர்புடைய முன் சிங்குலேட் பகுதியில் மட்டும் சொல்லுக்கு ஏற்ற மாற்றம் தெரிந்தது. வலி வேறு, வலியால் வதைபடுவது வேறு என்று அவர் வயிறு அவருக்கு ஏற்கெனவே காட்டியிருந்தது. இந்தப் படங்கள் அதை உறுதிப்படுத்தின.

நாளாக நாளாக ஆதாரமும் பெருகியது. மான்செஸ்டரிலேயே 204 நோயாளிகளைத் தொடர்ந்து விசாரித்து 2003இல் வெளியிட்டார்கள்: 71 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை பலித்தது, பலித்தவர்களில் 81 விழுக்காட்டினருக்கு அந்தப் பலன் ஐந்து வருடம் வரை நிலைத்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் என்பதையே தினமும் பார்க்கும் மருந்தாளருக்கு இந்த எண் பெரிதாகப் பட்டது. 2015இல் 1,000 பேரின் கணக்கு வந்தது. 76 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பெண்களில் 80, ஆண்களில் 62. அதாவது நான்கு பேரில் ஒருவருக்குப் பலிக்கவில்லை. இதையும் அவர் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்வார். நெதர்லாந்தில் பல மருத்துவமனைகளில் 354 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில் பலன் இதைவிடக் குறைவு. பத்தில் நான்கு பேருக்குத்தான் போதுமான நிவாரணம். ஆனால் அதில் ஒரு நல்ல செய்தி இருந்தது. தனித்தனியாகச் செய்தாலும் குழுவாக உட்கார வைத்துச் செய்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் மிகக் குறைவாக இருக்கும் உலகத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அதே நாட்டில் குழந்தைகளிடம் கிடைத்த முடிவுதான் அவரை அதிகம் அசைத்தது. தொடர்ந்து வயிற்றுவலி என்று சொல்லும் பிள்ளையை, பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறது என்று சொல்லிவிடுவது எந்த ஊரிலும் சுலபம். அவர் வளர்ந்த தெருவிலும் அப்படி அடிவாங்கிய பிள்ளைகள் உண்டு. 2007இல் வெளியான ஆய்வில் 8 முதல் 18 வயதுக்குட்பட்ட 53 பேர் இருந்தார்கள். மூன்று மாதத்தில் ஆறு அமர்வுகள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 விழுக்காட்டினருக்கு வலி விட்டிருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 25. சிகிச்சையாளரே இல்லாமல், குறுந்தகட்டில் பதிவுசெய்த பயிற்சியை வீட்டில் கேட்டாலும் பிள்ளைகளுக்குப் பலன் அவ்வளவாகக் குறையவில்லை என்று 2017இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது.

வீட்டிலேயே பதிவைக் கேட்டுச் செய்யலாம் என்ற அந்த முடிவுதான், ராமநாதபுரத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தபோது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஆசிரியை; வகுப்பு நடுவில் ஓட வேண்டியிருக்கிறது என்று வெட்கத்தோடு சொன்னாள். அக்கா முதலில் ஹிப்னாடிசத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

“ரத்தம் போகுதா? எடை குறைஞ்சுதா? ராத்திரி தூக்கத்துல எழுப்பி ஓட வைக்குதா? வீட்டுல யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்துதா?”

“இல்லக்கா, அதெல்லாம் இல்ல.”

“இருந்தாலும் மதுரையில போய் முழுசாப் பாத்துடு. ரிப்போர்ட் வந்தப்புறம் பேசுவோம்.”

இதில் அவர் கண்டிப்பானவர். குடல் அழற்சியையோ புற்றுநோயையோ மனசுதான் காரணம் என்று தள்ளிப்போடக் கூடாது. பரிசோதனை முடிந்து, மருத்துவர் இரிட்டபிள் பவல்தான் என்று உறுதிசெய்து, மருந்தும் தொடங்கிய பிறகே அடுத்த பேச்சு. தமிழில் இந்தச் சிகிச்சையைச் செய்ய யாரையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தனக்குச் சிகிச்சை தந்தவரிடமே யோசனை கேட்டார். தங்கைக்கு மனநோய் எதுவும் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளச் சொன்னார் அவர். எந்த வரிசையில் பேச வேண்டும், எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும், முடிவில் எப்படி முழு விழிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். இது முழுச் சிகிச்சை இல்லை, துணைப் பயிற்சி மட்டுமே என்று சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் தன் குரலிலேயே பதிவுசெய்து அனுப்பினார். நெற்றியைத் தளர்த்துவதிலிருந்து கையின் சூடு வரை எல்லாம் சரியாக வந்திருந்தது. அதன் பிறகு வெண்ணாறு, மூணாறு தலைப்பு, லஸ்கர், ஷட்டர். ஒரு வாரம் கழித்துத் தங்கை கூப்பிட்டாள்.

“நல்லாத்தான்க்கா இருக்கு, கேட்டுட்டே தூங்கிடறேன். ஆனா அந்த ஆத்துல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எங்க ஊர்ல ஏதுக்கா ஆறு? கண்மாய்தான்.”

கண்மாயில் மடையை யார் அடைப்பார்கள், எப்படி அடைப்பார்கள், கலுங்கில் தண்ணீர் எப்போது வழியும், மறுகால் எந்தப் பக்கம் போகும் என்று தங்கையிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பகுதியை மட்டும் புதிதாகப் பதிவுசெய்து அனுப்பினார்.